செகண்ட்ஹேண்ட் துப்பாக்கிக்கு ஒரு மணி நேர ஓரியன்டேஷன்

போன வாரம், துப்பாக்கிக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் இரண்டு பேரும் ஸ்பீக்கரில் போட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கிள், பழைய கைத்துப்பாக்கி வாங்க வர்ற சில பேருக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஓரியன்டேஷன் குடுக்கணும்னு மேனேஜர் சொல்றாங்க. பாலிசி புக் முழுக்கத் தேடிட்டோம், எங்கயுமே இல்லையே?"

இல்லைதான். இருக்காது. அது எப்படி வந்தது என்று போனில் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், நான் ஒரு வரி சொல்வதற்குள் அவள் மூன்று வரி திருத்துவாள். அதனால்தான் எழுதுகிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை? புல் வெட்டுவதும் பேரனை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போவதும்தான்.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பூட்டுவது, ஃபாரத்தில் எங்கே என்ன எழுதுவது, இதெல்லாம் உங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த வீடியோவில் வருகிற ஆள் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சிரித்துக்கொண்டே இருப்பான். கவுண்டரில் ஒரு சனிக்கிழமை நின்றவன் எவனும் அப்படிச் சிரிக்க மாட்டான். நான் அந்தச் சங்கதிக்குள் போகப்போவதில்லை.

என்னைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருபது வருடம் நின்றவன். பையன் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து டெக்சஸில் பேர்லேண்டுக்குக் கூட்டி வந்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மருமகள் என்னை காய்கறி நறுக்க வைப்பாள் என்ற பயத்தில், பக்கத்திலிருந்த விளையாட்டுச் சாமான் கடையில் மீன்பிடித் தூண்டில் பிரிவுக்கு அப்ளை பண்ணினேன். அங்கே ஆள் நிரம்பிவிட்டது. "துப்பாக்கிக் கவுண்டர்ல இடம் இருக்கு, வரீங்களா?" என்றார்கள். முட்டைகூடத் தொடாத சைவம் நான். மான் சுடுகிற துப்பாக்கி விற்கப் போனேன். மனைவி கோயிலில் யார் கேட்டாலும் "ஸ்போர்ட்ஸ் குட்ஸ்ல இருக்கார்" என்பாள். கேட்டவர்கள் கிரிக்கெட் மட்டை என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

கடையைத்தான் நீங்களே பார்க்கிறீர்களே. ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் வந்தால் டாக்டர் சொன்ன வாக்கிங் முடிந்துவிடும். இதை இங்கே பிக் பாக்ஸ் என்கிறார்கள். நம்மூரில் பெட்டிக்கடை என்றால் ஒரு ஆள், ஒரு பல்பு, நாலு வாழைப்பழம். அங்கே பாலிசி எல்லாம் கடைக்காரர் வாயில்தான் இருக்கும், ஆளைப் பார்த்து மாறும். இங்கே பாலிசி புத்தகத்தில் இருக்கும். பிரம்மாவே வந்தாலும் மாறாது.

முதல் நாள் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்து பழைய ஷாட்கன் காட்டச் சொன்னார். ஜவுளிக்கடைப் பழக்கம் சும்மா விடுமா? ஒன்றைக் கேட்டால் ஒன்பதை எடுத்துப் போடுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆறு துப்பாக்கிகளைக் கண்ணாடி மேல் வரிசையாகப் பரப்பி, "இது புதுசா வந்திருக்கு, இது உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்கிற ரீதியில் ஆரம்பித்துவிட்டேன். மேனேஜர் டோனா தூரத்திலிருந்து ஓடிவந்தாள். அறுபது வயதுக்காரி, டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவள், கழுத்தில் சாவிக்கொத்து. அவள் ஓடி அன்று ஒருநாள்தான் பார்த்தேன். "ஒரு நேரத்துல ஒரு கஸ்டமருக்கு ஒரு துப்பாக்கி! ஒண்ணு! அதை உள்ள வெச்சுப் பூட்டிட்டுத்தான் அடுத்தது!" என்று விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பெரியவர் மட்டும் ரொம்ப சந்தோஷப்பட்டார். இவ்வளவு கவனிப்பு அவருக்கு எந்தக் கடையிலும் கிடைத்ததில்லையாம்.

புதுத் துப்பாக்கி விற்பதில் தொல்லை குறைவு. பழையதில்தான் இருக்கிறது அத்தனை கூத்தும். வெப்சைட்டில் நம் கடையில் இருப்பதாகக் காட்டும், சரக்கு வேறு ஊரில் இருக்கும். வரவழைக்க வேண்டுமென்றால் பார்க்காமலேயே முழுப் பணத்தையும் கட்டவேண்டும். வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுக்க மாட்டோம். சரி, நேரிலேயே பார்க்கிறேன் என்று வந்தால் விசையில் பூட்டு மாட்டியிருக்கும், விசை எப்படி இருக்கிறது என்று அழுத்திப் பார்க்க முடியாது. பூட்டைக் கழற்றுங்கள் என்றால் பாலிசி இல்லை. நாளைக்கு வருகிறேன், எடுத்து வையுங்கள் என்றால் அதற்கும் பாலிசி இல்லை. எல்லாம் முடிந்து பணம் கட்டினாலும் கையில் கொடுக்க மாட்டோம். நம் ஆள் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை கூடவே நடந்து, கதவுக்கு வெளியேதான் கொடுக்கவேண்டும். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. நான் இரண்டு மூன்று தடவை கண் கலங்குவது போல் நடித்தும் காட்டியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் ஒரு தாத்தா தன் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். மனசு கேட்கவில்லையாம், அதைத் திருப்பி வேண்டுமாம். நம் கடை பாலிசிப்படி அது இப்போது கடைச் சரக்கு. அவர் ஃபாரம் எழுதி, அடையாள அட்டை காட்டி, குற்றப் பின்னணிச் சோதனைக்குக் காத்திருந்து, காலையில் வாங்கியதைவிட அதிகம் கொடுத்து, காலையில் தன் கையால் கொண்டுவந்த துப்பாக்கியையே வாங்கினார். "இதுக்கு முன்னாடி இதை வெச்சிருந்தது நல்ல ஆளா?" என்று என்னைக் கேட்டார் குசும்பர். நானும் "காலையில வந்தார் சார், கொஞ்சம் அவசரக்காரர்" என்றேன். டோனா சிரிக்கவே இல்லை.

நம்மாட்கள் வந்தால் அது தனிக்கதை. ஒரு டாக்டர், நம் திருநெல்வேலிப் பக்கம். ஊருக்கு வெளியே நிலம் வாங்கியிருந்தார், காட்டுப் பன்றி வந்து எல்லாவற்றையும் கிளறிவிடுகிறதாம். பழைய ஷாட்கன் ஒன்று பார்த்தார், பிடித்துவிட்டது. ஃபாரத்தை எழுதினார், சோதனையும் தேறினார். பணம் கட்டும்போது சொல்கிறார்: "கார்டை அவ கையில குடுங்க. அவ கை ராசி. கல்யாணம் ஆனதுலேர்ந்து வீட்ல எது வாங்கினாலும் அவ கையாலதான்." அந்த அம்மாவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு, கார்டை எடுத்து முன்னே வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஃபாரத்தில் ஒருத்தர், பணம் கட்டுவது இன்னொருத்தர் என்றால் நம் கடையில் முதல் சந்தேகமே, துப்பாக்கி வேறு ஆளுக்குப் போகிறது என்பதுதான். "வேண்டாம்மா, கையை எடுங்க" என்று தமிழில் கத்தினேன். அதற்குள் டோனா பார்த்துவிட்டாள். விற்பனை ரத்து. ராசி என்றால் என்ன என்று நான் அவளுக்கு இங்கிலீஷில் விளக்கிய விளக்கத்தில் விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது. டாக்டர் போகும்போது, "முப்பது வருஷமா ஆபரேஷன் பண்றேன், என்னைப் பாத்தா கடத்தல்காரன் மாதிரி இருக்கா?" என்று என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்.

ஒரு ஆயுத பூஜைக்கு நான் கவுண்டர் கண்ணாடியில் சின்னதாகச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இந்த ஊரில் ஆயுதத்துக்குப் பூஜை பண்ண இதைவிடத் தோதான இடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். டோனா கையுறை மாட்டிக்கொண்டு வந்து அதைத் துடைத்து, துடைத்த துணியைத் தனிப் பையில் போட்டுக் கட்டினாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அந்தப் பாலிசிகளையும் டோனாவையும் எவ்வளவு சபித்தவன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். தினமும் காரில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான்.

ஒரு புதன்கிழமை. மத்தியானம், கடை காற்றாடியது. முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு பையன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ. ஆபீஸிலிருந்து லஞ்ச் டைமில் வந்தவன் மாதிரி இருந்தான். மற்ற கஸ்டமர்கள் போல் அலமாரியை மேலும் கீழும் பார்க்கவில்லை. நேராக வந்து கண்ணாடியில் விரலை வைத்து, "அது" என்று இங்கிலீஷில் சொன்னான். பழைய கைத்துப்பாக்கிகளில் இருப்பதிலேயே அவலட்சணமான ஒன்று. பிடியில் நீளமாக ஒரு கீறல். எத்தனையோ மாதமாக யாரும் திரும்பிக்கூடப் பார்க்காதது.

அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தேன். நம்ம பிள்ளை. பெயரை மாற்றிச் சொல்கிறேன், குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி தமிழா?" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. நம்மாட்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தமிழனைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள், சிரிப்பார்கள், எந்த ஊர் என்பார்கள். இவன் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். "ஆமா அங்கிள்" என்றான் கடைசியில்.

"பிடியில கீறல் இருக்கு பாருங்க."

"பரவால்ல."

"இது ரிட்டர்ன் கிடையாது, தம்பி. வாங்கினா வாங்கினதுதான்."

"வேணாம் அங்கிள். ரிட்டர்ன் எல்லாம் வேணாம்."

நான் பேசாமல் நின்றேன். ஜவுளிக்கடையில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். அடுத்த பேச்சு கஸ்டமருடையது. கோயம்புத்தூர்க்காரராக இருந்தால் கணக்கோடு வருவார், மெட்ராஸ்காரர் சண்டையோடு வருவார், எங்கள் மதுரைக்காரர் உறவுமுறையோடு வருவார். எப்படி வந்தாலும் வருவார். ஒரு தமிழன் பழைய சாமான், அதிலும் கீறல் விழுந்த சாமான் வாங்கும்போது "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று சொல்லாமல் இருக்கமாட்டான். கோடீஸ்வரனானாலும் கேட்பான். கிடைக்காது என்று தெரிந்தாலும் கேட்பான். அது பணத்துக்காக இல்லை. நாளைக்கு வீட்டில் "எவ்வளவுக்கு வாங்கினே?" என்று கேட்பார்கள், அதற்காக.

குமார் கேட்கவில்லை. கார்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான்.

"டிஸ்கவுண்ட் கேக்கலையே?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"எவ்வளவு வேணா போட்டுக்குங்க அங்கிள்."

துடைக்கிற எண்ணெய் வேண்டுமா என்றேன், வேண்டாம். பூட்டி வைக்கப் பெட்டி? வேண்டாம். சுட்டுப் பழகுகிற இடம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது, முதல் தடவை இலவசம் என்றேன். நம்மாட்கள் இலவசம் என்றால் பினாயிலையும் வாங்கிக்கொள்வார்கள். வேண்டாம் என்றான். எதற்கு வாங்குகிறீர்கள் என்றேன். "சேஃப்டி" என்றான், வீடியோவில் வருகிறவன் மாதிரி. வீட்டில் யார் யார் என்றேன். "வைஃப், பாப்பா. ஊருக்குப் போயிருக்காங்க." எப்போது வருகிறார்கள் என்றேன். பேனா கேட்டான்.

தம்பிகளா, வீடியோவில் இல்லாத இடம் இதுதான். சட்டப்படி அவன் மேல் ஒரு குறையும் இல்லை. ஃபாரத்தில் எல்லாக் கட்டமும் சரி. நான் அந்தச் சோதனைக்கு அனுப்பினால் சில நிமிடத்தில் தேறிவிடுவான். காரணம் சொல்லாமலே விற்க மறுக்கும் உரிமை எனக்கு உண்டு. ஆனால் மறுத்தால் என்ன ஆகும்? ஹைவேயில் அடுத்த எக்ஸிட்டில் இன்னொரு கடை. அங்கே பேரம் பேசாத தமிழனைப் பார்த்து எவன் பயப்படப் போகிறான்? நல்ல கஸ்டமர் என்று சந்தோஷப்படுவான். எனக்குப் பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது. என் சந்தேகம் தப்பாக இருந்தால் ஒரு விற்பனை போகும். சரியாக இருந்தால்?

அப்போதுதான், நான் நாள் தவறாமல் சபித்த பாலிசிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"ஒரு நிமிஷம் தம்பி. அட்டையில இருக்கிற அட்ரஸ்லதான் இப்பவும் இருக்கீங்களா?" வீடு மாறியிருந்தான். அப்படியென்றால் இன்னொரு அரசாங்க ஆவணம் வேண்டும் என்றேன். கார் ரிஜிஸ்ட்ரேஷனை எடுத்து வந்தான். போய் வந்த நேரம் லாபம். பிறகு, பழைய சரக்கை இரண்டு ஊழியர்கள் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், இன்னொருவர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். பிறகு, விசைப் பூட்டின் சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்றேன். எல்லாமே உண்மையான பாலிசிதான். மற்ற நாட்களில் ஓடி ஓடி முடிக்கிறதை அன்றைக்கு ஊர்ந்து ஊர்ந்து செய்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

டோனா சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவளைப் பின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அவனுக்கு விக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்? ஃபாரத்துல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. அவன் பேரம் பேசலை."

டோனா என்னை மேலும் கீழும் பார்த்தாள். போன வருடம் ராசி பற்றி விளக்கம் சொன்ன அதே ஆள். "பேரம் பேசக் கூடாதுன்னுதான் நம்ம பாலிசி" என்றாள்.

"டோனா, நான் இருபது வருஷம் எங்க ஆளுங்களுக்கு சாமான் வித்திருக்கேன். கீறல் விழுந்த சாமானுக்குக் கேட்ட விலையைக் குடுக்கிற ஆளு, அதை வெச்சு வாழப்போற ஆளு இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அவள் கதவு இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். அவன் அசையாமல் நின்றிருந்தான். அவள் கழுத்துச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

"சார்," என்றாள், அந்தக் கல் முகத்தோடு. "முதல் தடவையா செகண்ட்ஹேண்ட் கைத்துப்பாக்கி வாங்கறவங்க எங்க ஊழியர் ஒருத்தரோட ஒரு மணி நேரம் ஓரியன்டேஷன் முடிக்கணும். கடைக்கு வெளியில. அது எங்க பாலிசி."

நான் வாயைப் பிளந்தேன். பாலிசி புத்தகத்தைக் கனவிலும் மீறாத டோனா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொல்கிறாள்!

அப்போதுதான் குமாருக்குக் கோபம் வந்தது. "என்ன முட்டாள்தனமான பாலிசி இது? நான் வேற கடைக்குப் போய்க்கிறேன்" என்று கார்டை எடுத்தான். இரண்டு அடி நடந்தும்விட்டான்.

ஜவுளிக்கடையில் எங்களுக்கு ஒரே வேதம்தான்: வந்த கஸ்டமரைப் படி இறங்க விடக்கூடாது. காப்பி கொடு, குழந்தைக்கு பலூன் கொடு, என்னவாவது பண்ணு. என்னிடம் பலூன் இல்லை. நான் கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன்.

"தம்பி, போறதுதான் போறீங்க, எனக்கு ஒரு உதவி. என் கார் சர்வீஸ்ல கெடக்கு. ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு. வீடு ரெண்டு எக்ஸிட்தான். ஒரு ரைடு குடுக்க முடியுமா?"

அவன் நின்றான். நின்றுதானே ஆகவேண்டும்? இந்த ஊரில் கார் இல்லாமல் நிற்கும் ஒரு அங்கிள் வாய்விட்டு ரைடு கேட்டு, முடியாது என்று சொல்லும் தமிழ்ப் பையன் டெக்சஸில் இன்னும் பிறக்கவில்லை. எவ்வளவு உடைந்துபோயிருந்தாலும் அந்த வளர்ப்பு மட்டும் உடையவில்லை பாருங்கள். "சரி, வாங்க அங்கிள்" என்றான்.

வெளியே போய்ப் பார்த்தால், அவன் என் காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தான். பின்கண்ணாடியில் பிள்ளையார் ஒட்டின என் கார். நான் அதைத் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

அவன் காருக்குள் ஒரு தலையணை, காலி காப்பிக் கோப்பைகள், லேப்டாப் பை. கண்ணாடியில் ஆபீஸ் அட்டை தொங்கியது. "ஆபீஸ் எங்க தம்பி?" என்றேன்.

"ஆபீஸ் இல்ல அங்கிள்."

வேலை போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டதாம். யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு, அப்பா அம்மாவுக்கு, யாருக்குமே. மனைவியும் குழந்தையும் கோயம்புத்தூர் போனது லீவுக்கு. அவர்கள் போகும் முன்னாலிருந்தே, தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு வந்து, ஏதாவது ஒரு கடையின் பார்க்கிங்கில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறான். நம் கடைப் பார்க்கிங்கிலும் உட்கார்ந்திருக்கிறான். நான் டோனாவைச் சபித்துக்கொண்டே காரில் ஏறின எத்தனை சாயங்காலம் இந்தப் பிள்ளை நாலு கார் தள்ளி உட்கார்ந்திருந்தானோ!

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. "தம்பி, உசுர விட்டுடலாம்னு நெனச்சுத்தான் கடைக்கு வந்தீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

கார் மெல்ல ஓரமாகப் போய் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றது. அவன் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"யாரைக் கூப்பிடட்டும்?" என்றேன். "யாரும் வேணாம் அங்கிள், அசிங்கம்" என்றான். "கூப்பிடறது கூப்பிடறதுதான். யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். கடைசியில் ரிச்சர்ட்சனில் அக்கா இருப்பதாகச் சொன்னான். நான்தான் போன் பண்ணினேன். அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அவனைத் தனியா விட்டுடாதீங்க அங்கிள், இதோ கெளம்பிட்டேன்" என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிப் போனேன். "ஆள் வராங்கன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று மனைவி வாசலிலேயே ஆரம்பித்தாள், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு தோசைக்கல்லை வைத்தாள். நான் போனில் சொன்னதும் டோனா கடையிலிருந்தே ஒரு தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைப் பிடித்து, இந்த மாதிரி நேரத்தில் பேசத் தெரிந்த ஒரு பெண்ணை லைனில் போட்டுக் கொடுத்தாள். குமார் எங்கள் படுக்கையறையில் உட்கார்ந்து அவளோடு ரொம்ப நேரம் பேசினான். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரத்திலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வந்து சேர்ந்தாள். எவ்வளவு வேகத்தில் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே நுழைந்ததும் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வேலைதானடா போச்சு, எருமை" என்று அழுதாள். அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரிடம் காட்டினார்கள், மனைவியும் குழந்தையும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். மெதுவாகத்தான் சரியானான். ஒரே நாளில் யாரும் சரியாவதில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் டோனா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "உன் கார் சர்வீஸ்ல இல்ல. ராத்திரி முழுக்க இங்கதான் நின்னுச்சு."

"நம்ம பாலிசி புக்ல ஓரியன்டேஷனும் இல்ல" என்றேன்.

அவள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து யாரையாவது பார்த்து அவளுக்கோ எனக்கோ மனசு உறுத்தினால் அந்தப் பாலிசி உடனே அமலுக்கு வரும். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். சிலர் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். தலைமை ஆபீஸ்காரர்கள் ஒருமுறை வந்தபோது ஒரு கஸ்டமர் அவர்களிடமே இதைப் பற்றிப் புகார் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டி, "ஆமாம் சார், அது எங்க பாலிசி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம்மிடம் இருக்கிற மற்ற பாலிசிகளைப் பார்த்தவன் எவனுக்கு இதன் மேல் சந்தேகம் வரும்?

அதனால் புத்தகத்தில் தேடாதீர்கள். டோனா கண் காட்டினால் காப்பியை எடுத்துக்கொண்டு கூடப் போங்கள். அவள் பார்க்காததை நீங்கள் பார்த்தால், நீங்களே அந்தப் பாலிசியைச் சொல்லுங்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை. கவுண்டரில் கூட்டம். தூண்டில் பிரிவிலிருந்து ஒரு குரல்: "டிஸ்ப்ளே பீஸ்தானே? இங்க பாருங்க, கீறல் இருக்கு. கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?"

குமார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கையில் ஊதா நிறத் தூண்டில். தூண்டில் பிரிவில் இருந்த பையன் முழித்துக்கொண்டு நின்றான். நான் வரிசையில் இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அங்கே போனேன்.

"டிஸ்ப்ளே பீஸுக்கு டிஸ்கவுண்ட் கிடையாது தம்பி. பாலிசி."

"என்ன அங்கிள் பாலிசி! கீறல் விழுந்ததை முழு விலைக்கு எவன் வாங்குவான்?"

"Appa, it's fine, just buy it" என்றாள் பெண்.

"சும்மா இரு கண்ணு. உனக்குத் தெரியாது. கேட்டா குடுப்பாங்க."

கேட்டான். கீறலைக் காட்டிக் கேட்டான், பழைய கஸ்டமர் என்று சொல்லிக் கேட்டான், வேறு கடையில் குறைச்சல் என்று கேட்டான், பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று கேட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் பாலிசி, பாலிசி என்றேன். என் இருபது வருட ஜவுளிக்கடை வாழ்க்கையில் எந்தப் பேரத்தையும் அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதில்லை. அவன் நிறுத்திவிடக் கூடாதே என்றுதான் விட்டுக்கொடுக்காமல் நின்றேன்.

கடைசியில் என் ஊழியர் தள்ளுபடியில் போட்டுக் கொடுத்தேன். ஊழியர் தள்ளுபடியை வெளியாளுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும், அதுதான் நம் கடையில் இருப்பதிலேயே கடுமையான பாலிசி. பில் போட்டது டோனா. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் குறையுமா?" என்று அவளிடமும் கேட்டான் குமார்.

"குறைக்கலாம்" என்றாள் டோனா.